பாங்காக்: ஒற்றை ஆளுக்கு ஒரு நாள்

பாங்காக்கில் பெரும்பாலானவை தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் விற்பனையாகின்றன. படகுச் சீட்டு, நூடுல்ஸ் கிண்ணம், ஆரஞ்சு அங்கி அணிந்த ஓட்டுநரின் மோட்டார் சைக்கிள் டாக்சி, விடுதியின் அடுக்குக் கட்டில் எல்லாம் ஓர் ஆளை மனத்தில் வைத்து அமைந்தவை. இருவருக்கான அறைக்கு ஒருவரே முழு வாடகை கொடுப்பது, நான்கு பேர் பங்கிட வேண்டிய சாப்பாட்டை வாங்கிப் பாதியை மீதம் வைப்பது போன்ற தனிப் பயணத்தின் வழக்கமான நஷ்டங்கள் இங்கே குறைவு. முதுகில் ஒரு பையுடன் தனியாக வந்திறங்கும் பயணிக்கு இந்த நகரம் தோதாக இருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

நகரத்தின் பழைய அமைப்பு இரண்டாவது காரணம். ஒரு கோடிக்கு அருகில் மக்கள் வாழும் பெருநகரம்தான். ஆனால் வெளியூர்க்காரர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பகுதி சாவ் பிரயா ஆற்றின் ஒரே வளைவுக்குள் அடங்கிவிடுகிறது. நடையும் படகும் கொஞ்சம் ரயிலும் இருந்தால் ஒரு பகல் போதும். கார் தேவையில்லை. சொல்லப்போனால், கார் இருந்தால் நாளில் பாதி சிக்னலில் கழியும்.

ஆறு வகுத்த நகரம்

1767-ல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தபின், தாக்சின் மன்னர் ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கினார். 1782-ல் ஆட்சிக்கு வந்த முதலாம் ராமா அதைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று நகரத் தூண் நடப்பட்டது. பர்மியர் வந்தால் மேற்கிலிருந்துதான் வருவார்கள். அந்தப் பக்கம் அகலமான ஆறும், கிழக்கே சேறும் சதுப்பும் இருந்தது புதிய இடத்தின் பலம். அங்கே குடியிருந்த சீன வணிகர்கள் தெற்கே சம்பெங் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இன்றைய சைனாடவுனின் தொடக்கம் அதுதான். ஆற்றின் வளைவை ஒட்டி நிலப்பக்கம் கால்வாய் வெட்டி, அரண்மனைப் பகுதியை நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த ரத்தனகோசின் தீவாக்கினார்கள். அங்கே ஓடும் ஆறே ஒரு வெட்டுத்தான். 1542-ல் அயுத்தயா மன்னர் காலத்தில் படகுகளின் சுற்றுவழியைக் குறைக்க வெட்டிய குறுக்குக் கால்வாய், வெள்ளத்தில் அகன்று அகன்று முதன்மை ஆறாகிவிட்டது. பழைய ஆற்று வழி இன்று தோன்புரிப் பக்கம் சிறு கால்வாய்களாகக் கிடக்கிறது.

பின்வந்த மன்னர்களும் கால்வாய்களை வெட்டிக்கொண்டே போனார்கள். சாலை பிந்தி வந்தது. வெளிநாட்டுத் தூதரகத்தார் வண்டி ஓட்டவும் உலாவவும் வழியில்லை என்று கேட்டபின், நான்காம் ராமா காலத்தில் 1860-களில் போடப்பட்ட சரோன் குரூங் சாலைதான் நவீன முறையில் அமைந்த முதல் பெருஞ்சாலை. இருபதாம் நூற்றாண்டில் பல கால்வாய்களைத் தூர்த்துத் தார் போட்டார்கள். அப்படித் தூர்க்காமல் விட்டவற்றில் இன்றும் படகு ஓடுகிறது; நெரிசல் நேரத்தில் காரை முந்துகிறது.

முதுகுப்பைப் பயணிகள் இங்கு கூடியது இந்த வரலாற்றின் மிகப் பிந்திய அத்தியாயம். 1970-களில் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஆசியா வந்த இளைஞர்கள் பாங்காக்கில் தங்கியது இன்றைய இடத்தில் அல்ல. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களின் ஓய்வுக்காகக் கட்டப்பட்டு, போர் ஓய்ந்ததும் வாடகை இறங்கிய லும்பினி பூங்காப் பக்கத்து ஓட்டல்களில் அவர்கள் தங்கினார்கள். டோனி வீலரும் மோரீன் வீலரும் தென்கிழக்கு ஆசியாவில் சிக்கனமாகச் சுற்றுவது பற்றி எழுதிய லோன்லி பிளானட் வழிகாட்டி 1975-ல் வெளிவந்தது. நகரத்தின் இருநூறாம் ஆண்டு விழா நடந்த 1982-ஐ ஒட்டி, அரண்மனைக்கு வடக்கே பாங்லம்புப் பேட்டையின் காவோ சான் சாலையில் வீட்டுக்காரர்கள் சிலர் மாடி அறைகளை வாடகைக்கு விட்டார்கள். முன்பு அரிசி மண்டிகள் இருந்த, அரைக் கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தெரு அது. பத்தே ஆண்டுகளில் உலகெங்கும் பேக்பேக்கர்கள் அறிந்த முகவரியாயிற்று. இப்போது தெரு மதுக்கடைகளுக்குப் போய்விட்டது. இரவு இரண்டு மணிவரை ஒலிபெருக்கி ஓயாது. உறக்கம் வேண்டுபவர்கள் ஆற்றை ஒட்டிய பிர ஆதித் தெருவிலோ சாம்சென் சந்துகளிலோ தங்குகிறார்கள். சில நூறு பாட்டுக்குப் பூட்டுப் பெட்டியும் திரைச்சீலையும் கொண்ட கட்டில் கிடைக்கும். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல். பெண்களுக்கான தனிக் கூடங்களும் பல விடுதிகளில் உண்டு.

காலைப் படகு

இந்த நகரில் ஒரு நாளின் வரிசையைத் தீர்மானிப்பது வெயிலும் மூடும் நேரமும்தான். அரண்மனையில் நுழைவுச்சீட்டு காலை 8.30-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது. மார்ச் முதல் மே வரை பத்து மணிக்கு மேல் திறந்த முற்றத்தில் நிற்க முடியாது. மே முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நாள் முழுக்க நடக்கத்தக்க காலம். எந்த மாதமானாலும் திறந்த இடங்களைக் காலையிலும், குளிரூட்டிய ரயிலையும் அருங்காட்சியகத்தையும் நடுப்பகலிலும், மலையையும் சந்தையையும் மாலையிலும் வைத்துக்கொள்வது உள்ளூர் அறிவு.

விடிந்ததும் பாங்லம்புத் தெருக்களில் காவியணிந்த பிக்குகள் வெறுங்காலுடன் பிட்சைக்கு வருவார்கள். கடைக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுச் சோற்றுப் பொட்டலமும் குழம்புப் பையும் பாத்திரத்தில் இடுவார்கள். பெண்கள் பிக்குவைத் தொடுவதில்லை. படகிலும் பேருந்திலும் பிக்குகளுக்கென ஒதுக்கிய இடம் உண்டு. இதை அறிந்திருந்தால் தனியே போகும் பெண் பயணி தர்மசங்கடம் இல்லாமல் இருக்கலாம். காலை உணவு அந்த நேரத்தில் தெருமுனையில்தான்: அரிசிக் கஞ்சியும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டும், சோயாப் பாலும்.

பிர ஆதித் துறைக்குப் பக்கத்தில், 1783-ல் எழுப்பிய பிர சுமேன் கோட்டையின் வெள்ளைச் சுவர் நிற்கிறது. நகரத்தைச் சுற்றிக் கட்டிய பதினான்கு கொத்தளங்களில் மிஞ்சிய இரண்டில் ஒன்று. துறையில் நிற்கும் படகுகளை அவற்றின் கொடி நிறத்தால் அடையாளம் காண வேண்டும். ஆரஞ்சுக் கொடிப் படகு நாள் முழுக்க ஓடும், பெரும்பாலான துறைகளில் நிற்கும், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதுவும் இருபது பாட்டுக்குள். நீலக் கொடி சுற்றுலாப் படகு. கட்டணம் அதைப்போல் இரண்டு மடங்கு. துறையில் நீலக் கொடிக்குச் சீட்டு விற்பவர்கள்தான் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஆரஞ்சுக்குக் கூப்பிட ஆள் இல்லை, படகிலேறியபின் சீட்டு வாங்கினால் போதும். நீண்ட தகரக் குழாயில் சில்லறையைக் குலுக்கியபடி நடத்துநர் வருவார். கடைப்பக்கம் நிற்கும் ஆள் விசில் ஊத, அந்தச் சத்தத்தைக் கேட்டே ஓட்டுநர் படகைத் துறையோடு அணைக்கிறார். நின்ற சில நொடிகளில் ஏறியிறங்கி முடிக்க வேண்டும். பெரிய பெட்டியோடு வந்தவர் திண்டாடுவார், முதுகுப்பைக்காரர் திண்டாடமாட்டார்.

தென்திசையில் சில துறைகள் கடந்தால் தா சாங். அங்கிருந்து அரண்மனை நடைதூரம். அந்த நடையில்தான் பாங்காக்கின் மிகப் பழைய ஏமாற்று காத்திருக்கிறது. நல்ல உடையணிந்த ஒருவர் நிதானமான ஆங்கிலத்தில், இன்று அரண்மனை மூடல், அரச விழா, மதியம்தான் திறக்கும் என்பார். அதுவரை வேறு கோயில்களைக் காட்ட இருபது பாட்டுக்கு ஒரு துக்துக் தயாராக இருக்கும். வண்டி கடைசியில் போய் நிற்பது ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ. ஓட்டுநருக்கு அங்கே தரகு. தனியாளைத்தான் இவர்கள் தேடுகிறார்கள், பக்கத்தில் தடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதால். அரண்மனை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் இந்த வலையில் விழ வழியில்லை.

அரண்மனையும் ராமகாதையும்

சுற்றுமதில் 1,900 மீட்டர். உள்ளே 2,18,400 சதுர மீட்டர். 1782 முதல் 1925 வரை மன்னர்கள் இங்கே வாழ்ந்தார்கள். இன்றும் பட்டமேற்பு போன்ற சடங்குகள் இங்கு நடக்கின்றன. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட். தாய்லாந்துக் குடிமக்களுக்கு இலவசம். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கையில்லாச் சட்டையோடு வந்தவர்கள் வாசலருகே யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு போவது அன்றாடக் காட்சி.

உள்ளே மரகத புத்தர் கோயிலில்தான் கூட்டம். பெயர் மரகதம் என்றாலும் சிலை பச்சை நிற மணிக்கல்லால் ஆனது. உயரம் 66 சென்டிமீட்டர். உயர்ந்த பீடத்தில் கூரைக்கருகே இருப்பதால், முதன்முறை பார்ப்பவர்களுக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். 1779-ல் லாவோசின் வியந்தியானைப் பிடித்த படைத்தலைவர் இதைக் கொண்டுவந்தார். மூன்றாண்டு கழித்து அவரே முதலாம் ராமாவாக முடிசூடினார். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் சிலைக்கு வேறு வேறு பொன்னாடை. பருவம் மாறும்போது மன்னரே அதை மாற்றுகிறார்.

தமிழ்ப் பயணி நேரம் செலவிட வேண்டியது கோயிலைச் சுற்றியுள்ள மண்டபத்தில். 178 சுவரோவியங்களில் ராமகியேன், அதாவது தாய்லாந்தின் ராமகாதை, தொடர்ச்சியாக ஓடுகிறது. முதலாம் ராமா 1797-ல் தொகுத்த வடிவம் இது. கதையின் எலும்புக்கூடு தெரிந்ததுதான், சதை வேறு. சீதை ராவணனின் மகளாகப் பிறந்து ஆற்றில் விடப்படுகிறாள். அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேதுவுக்குப் போட்ட கற்களை ஒரு கடல்கன்னி கூட்டம் திருடிக்கொண்டு போக, அனுமன் துரத்திப் போய் அவர்களின் தலைவியைக் காதலிக்கிறான். அவள் பெயர் சுவண்ண மச்சா, ராவணனின் மகள். இருவருக்கும் பாதி குரங்கு, பாதி மீனாக ஒரு பிள்ளையும் பிறக்கிறது. கம்பனைப் படித்துவிட்டு வருபவர் இங்கே சற்று அதிர்ந்து, பிறகு ரசிப்பார். பொற்கூரைகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு போகும் கூட்டம் இந்த மண்டபத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பதால், நின்று பார்க்க இடமும் கிடைக்கும். அந்தக் காலத்தில் சயாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த அங்கோர் வாட்டின் சிறு மாதிரி ஒன்றும் இதே வளாகத்தில் உண்டு. அதைச் செய்யச் சொன்னவர் நான்காம் ராமா.

அரண்மனைக்குத் தெற்கே வாட் போ கோயில். ஒரே இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் குறைவு, நெரிசல் குறைவு, உட்கார நிழல் உண்டு. நகரத்தைவிடப் பழைய மடம் இது. முதலாம் ராமா புதுப்பித்தார், மூன்றாம் ராமா விரிவாக்கினார். 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமுமாகப் படுத்திருக்கும் புத்தரை அமைத்தவர் மூன்றாம் ராமாதான். மண்டபம் சிலையை ஒட்டி நெருக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் முழு உருவத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. முகம், கை, முட்டி என்று துண்டு துண்டாகத்தான் காண்கிறோம். பாதங்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டிருக்கின்றன. சிலையின் முதுகுப்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தக் கணகணப்புச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

மூன்றாம் ராமா இன்னொன்றும் செய்தார். மருத்துவம், உடல் நரம்புப் பாதைகள், இலக்கியம், வரலாறு என்று தம் காலத்து அறிவைச் சலவைக்கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கச் செய்தார். படிக்கத் தெரிந்தவர் எவரும் வந்து படிக்கலாம் என்பது ஏற்பாடு. அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. தாய் மசாஜின் பாடநூல் அந்தக் கற்கள்தான். வளாகத்தில் இயங்கும் மசாஜ் பள்ளி 1955-ல் தொடங்கப்பட்டது. கை காலை முறுக்கி நிற்கும் முனிவர் சிலைகளைப் பார்த்தால் யோகாசனத்தின் உறவு புரியும். காலை முழுக்க நடந்த கால்களுக்கு அங்கேயே ஒரு மணி நேரம் பிடித்துவிடச் சொல்வது ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

நடுப்பகல்

வாட் போவுக்கு எதிரே தா தியன் துறை. அங்கிருந்து சில பாட்டுக்கு அக்கரை போகும் தட்டைப் படகு, இறங்கினால் வாட் அருண். கெமர் பாணிக் கோபுரம்; இரண்டாம் ராமா தொடங்கி அடுத்த மன்னர் முடித்தார். தொலைவிலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிவது, அருகே போனால் பூவும் இலையுமாகப் பதித்த பீங்கான் சில்லுகள். சீனத்திலிருந்து வந்த கப்பல்களில் பாரம் சமன்செய்ய ஏற்றிவந்த பீங்கானின் உடைசல்கள் அவை. மேலே மூன்று தலை யானை மீது இந்திரன். படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. ஓரளவு உயரத்துக்குமேல் அனுமதி இல்லை. வாடகைக்குத் தாய் உடை அணிந்து படமெடுத்துக்கொள்பவர்கள் கோபுரத்தைச் சுற்றி எந்நேரமும் நிற்பதால், தனியே வந்தவர் தம்மைப் படமெடுக்க யாரையேனும் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. கோபுரத்தின் முழு அழகைப் பார்க்க வேண்டுமானால் அந்தி நேரத்தில் கிழக்குக் கரையில் இருக்க வேண்டும்.

இதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டும். சாப்பாட்டுக்குத் தனியாள் கஷ்டப்பட வேண்டாத ஊர் இது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தட்டுகளில் வைத்த குழம்பு, பொரியல்களில் இரண்டைக் காட்டினால் சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள். சோறு கரண்டியாலும் முள்கரண்டியாலும். குச்சிகள் நூடுல்சுக்கு மட்டும். மேசையில் சர்க்கரை, மிளகாய்த் தூள், மீன் சாறு, மிளகாய் ஊறிய காடி என்று நான்கு சிமிழ் இருக்கும். தம் கிண்ணத்துக்குத் தாமே சுவை கூட்டிக்கொள்ளலாம். சைவர்களுக்கு ஒரு சிக்கல். கீரை வதக்கலிலும் மீன் சாறு விழும், வெறும் காய்கறி என்று சொல்லிப் பயனில்லை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட "ஜே" கடைகளைத் தேட வேண்டும். சீன பௌத்த மரபுப்படி இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட அங்கே கிடையாது.

வெயில் உச்சத்தில் தரைக்குக் கீழே போவது நல்லது. படகில் கிழக்குக் கரைக்குத் திரும்பி, வாட் போவிலிருந்து சிறிது தெற்கே நடந்தால் சனம் சாய் மெட்ரோ நிலையம், 2019-ல் திறந்தது. அரண்மனைத் தர்பார் மண்டபம்போல் தூண்களும் பொன்வண்ண மேற்கூரையுமாக அலங்கரித்திருக்கிறார்கள். இங்கிருந்து மேற்கே போகும் தடம் ஆற்றுக்கு அடியில் செல்கிறது. கிழக்கே ஒரே நிலையம் போனால் சாம் யோட். இறங்கி வடக்கே நடந்தால், பித்தளைப் புத்தர் சிலைகளை பிளாஸ்டிக் உறை சுற்றி நடைபாதையில் வரிசையாக வைத்து விற்கும் பம்ருங் முவாங் சாலைக்கு வந்து சேரலாம். அதன் முடிவில் சிவப்புத் தேக்குத் தூண்களாக நிற்பது பெரிய ஊஞ்சல்.

1784-ல் முதலாம் ராமா எழுப்பியது. பலமுறை பழுதாகி, இப்போதுள்ள மரங்கள் 2007-ல் நிறுவப்பட்டவை. முன்பு ஆண்டுதோறும் ஒரு விழாவில் இளைஞர் குழுக்கள் இதில் ஆடி, உயரக் கம்பத்தில் கட்டிய வெள்ளிக் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டியிருந்தது. விழுந்து இறந்தவர்கள் உண்டு. 1935-ல் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த விழாவின் மற்றொரு பகுதி, பக்கத்துச் சந்தில் இருக்கும் தேவஸ்தானத்துக்குள் இன்றும் நடக்கிறது. சிவன், பிள்ளையார், திருமால் என்று மூன்று சந்நிதிகள் கொண்ட அந்தக் கோயிலும் 1784-ல் கட்டியதுதான். அரசவைப் பிராமணர்கள் ஒவ்வொரு மார்கழி, தை வாக்கிலும் அங்கே ஓதும் திரியம்பாவை, திரிபாவை சடங்கின் மூலம் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும். ஓதுபவர்களுக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததில் சொற்கள் உருமாறியிருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து தெற்குத் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் வழியே வந்ததாகத் தம் முன்னோரைப் பற்றி இந்தக் குடும்பங்கள் சொல்கின்றன. வழிகாட்டி நூல்கள் ஊஞ்சலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்தச் சிறு கோயிலை ஒரு வரியில் கடந்துபோகின்றன. தமிழ் அறிந்த பயணிக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

மாலை

ஊஞ்சலிலிருந்து பொன்மலைக்கு நடையில் பதினைந்து நிமிடம். மலை என்றாலும் இது மனிதர் குவித்தது. மூன்றாம் ராமா இங்கே பெரிய தூபி எழுப்ப முயன்றார். பாங்காக்கின் சேற்றுத் தரை பாரம் தாங்காமல் அது சரிந்து மேடாயிற்று. அடுத்தடுத்த மன்னர்கள் அந்த மேட்டின்மேல் சிறியதாக ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அடிவாரத்தின் வாட் சாகேத் கோயிலுக்கு இருண்ட வரலாறு உண்டு. நகரச் சுவருக்குள் பிணம் எரிக்க அனுமதி இல்லாததால், 1820-ன் காலராவில் இறந்த ஆயிரக்கணக்கானோர் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். எரித்துத் தீராமல் கழுகுகளுக்கு விடப்பட்டார்கள். உச்சித் தூபியில் இருப்பது 1898-ல் இந்தியாவில் பிப்ரவாவில் தோண்டியெடுத்த புத்தரின் எச்சங்களில் ஒரு பகுதி. பிரிட்டிஷ் இந்திய அரசு ஐந்தாம் ராமாவுக்கு அனுப்பியது. முந்நூறுக்கு மேற்பட்ட படிகள், ஆனால் சுழன்று ஏறுவதால் மூச்சு வாங்காது. மேலே காற்று நன்றாக வரும். பழைய நகரின் ஓட்டுக்கூரைகளும் அதற்கப்பால் கண்ணாடிக் கோபுரங்களும் ஒருங்கே தெரியும் இடம் வேறில்லை.

மலையடியில் பான்ஃபா துறை. அங்கே தொடங்குகிறது சேன் சேப் கால்வாய். வியட்நாமோடு கம்போடியாவுக்காக நடந்த போருக்குப் படைகளைக் கொண்டுபோக 1837 முதல் 1840 வரை வெட்டியது. 1990 முதல் இதில் பயணிகள் படகு ஓடுகிறது. சுற்றுலாத்தனம் துளியும் இல்லை. அலுவலகம் விட்டு வீடு போகிறவர்கள்தான் ஏறுவார்கள். கறுத்த நீர், வேகமான படகு. எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும், இல்லையேல் எல்லார் முகத்திலும் சாக்கடை. ஓர இருக்கையில் அமர்ந்த வெளிநாட்டுக்காரருக்கு இந்தப் பொறுப்பு தெரியாது. பின்னாலிருக்கும் அம்மாள் கை நீட்டிச் சொல்லிக்கொடுப்பார். தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளிவிளிம்பில் நடந்தே சீட்டுக் கொடுக்கிறார்.

ஹுவா சாங் துறையில் இறங்கினால் ஜிம் தாம்சன் வீடு. அமெரிக்க உளவுத்துறையில் இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கேயே தங்கித் தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர். நாட்டின் பல இடங்களிலிருந்து பழைய தேக்கு வீடுகளைக் கழற்றிவந்து இணைத்து 1959-ல் இதைக் கட்டினார். கால்வாயின் எதிர்க்கரையில் இருந்த பான் குருவா நெசவாளர்கள், சாம் இனத்து முஸ்லிம்கள், அவருக்கு நெய்து கொடுத்தார்கள். 1967-ல் மலேசியாவின் கேமரன் மலையில் உலாவப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வழிகாட்டியோடுதான் உள்ளே சுற்ற முடியும் என்பதால் தனியாளும் ஏதேனும் ஒரு குழுவில் சேர்க்கப்படுவார். நாள் முழுக்கப் பேச ஆளின்றி இருந்தவர்களுக்கு இது சௌகரியம்.

அங்கிருந்து வான்ரயிலில் சீலோம் பக்கம் போகலாம். 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் பாங்காக்கின் போக்குவரத்து நெரிசலுக்கு ரயில் வழியான முதல் மாற்று. பான் சாலை முனையில் 1879-ல் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் உண்டு. வைத்திப் படையாட்சி என்பவர் முன்னின்று எழுப்பியது. இன்று வணங்க வருவோரில் பெரும்பாலானவர்கள் தாய் பௌத்தர்கள். வெளியே கடைகளில் செண்டுமல்லி மாலையும் தேங்காயும் பழமும் வைத்த தட்டை வாங்கி, குருக்களிடம் கொடுத்துக் குங்குமம் இட்டுக்கொண்டு போகிறார்கள். அம்மனை அவர்கள் உமாதேவி என்றே சொல்வார்கள். உள்ளே படமெடுக்கத் தடை. நவராத்திரி முடிவில் அம்மன் ரதம் கிளம்பும் இரவு சீலோம் சாலையே மூடப்படும். அந்த நாளில் வந்து சேர்பவர் மற்றத் திட்டங்களை விட்டுவிடுவதே சரி.

மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்திலோ லும்பினி பூங்காவிலோ இருந்தால் ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் கேட்கும். ஓடுகிறவர், உடற்பயிற்சி செய்கிறவர், படியேறுகிறவர் எல்லாரும் அப்படியே நிற்பார்கள்; காலை எட்டு மணிக்கும் இப்படித்தான். அயலாரும் நிற்பது மரியாதை. மன்னர் குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேசக் கூடாது; குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் அவமதிப்புக்குத் தண்டனை மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை.

இரவு

இரவு உணவுக்குச் சைனாடவுனின் யாவரத் தெரு. சீலோம் மெட்ரோவில் ஏறினால் வாட் மங்கோன் நிலையம் அதன் வாசலிலேயே இறக்கிவிடும். பகலில் நகைக்கடைத் தெரு. இருட்டியதும் நடைபாதை முழுக்க அடுப்பு. மிளகுச் சாற்றில் சுருட்டிய அரிசி நூடுல்ஸ், கரியடுப்பில் வதக்கிய கடல் உணவு, தேங்காய்ப்பாலில் ஊறிய பசையரிசிச் சோறும் மாம்பழமும். பெரிய கடல் உணவுக் கடைகள் குழுவாக வருபவர்களுக்கானவை. தனியாள் அங்கே உட்கார்ந்தால் பணமும் வீண், உணவும் வீண். ஒரே பண்டம் விற்கும் வண்டிகளில் நான்கைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு நகர்வதுதான் இந்தத் தெருவின் முறை. தெருவின் கிழக்கு முனையில் வாட் திரைமித்தின் பொற்புத்தர் இருக்கிறார். ஐந்தரை டன் பொன். பல நூற்றாண்டு சாந்துப் பூச்சுக்குள் மறைந்திருந்து, 1955-ல் இடம் மாற்றும்போது கயிறறுந்து விழுந்து பூச்சு வெடித்ததால் வெளிப்பட்டது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். இந்த வரிசையில் போகிறவருக்கு அது கிடைக்காது. அதற்காகப் பொன்மலையை விட்டுவிடலாமா என்றால், வேண்டாம்.

யாவரத்திலிருந்து பாங்லம்புவுக்குத் திரும்ப ஆற்றுப் படகை நம்ப முடியாது. ஆரஞ்சுக் கொடி இருட்டியபின் விரைவில் நின்றுவிடும். பேருந்து உண்டு. மீட்டர் போடச் சம்மதிக்கும் டாக்சியும் கிடைக்கும். செல்போன் செயலியில் மோட்டார் சைக்கிள் டாக்சி அழைத்தால் விலை முன்கூட்டியே தெரிந்துவிடும், பேரம் மிச்சம். அரண்மனைக் கட்டணத்தை விட்டுவிட்டால், ஒரு நாளின் படகு, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் அந்த 500 பாட்டை ஒட்டியே வரும்.

மறுநாள் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1916-ல் திறந்த ஹுவா லம்போங் நிலையத்தைப் பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும். 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை வடக்கே பாங் சூவில் கட்டிய குருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. மெட்ரோவில் நேரே போகலாம். வடக்கே சியாங் மாய்க்கும், தெற்கே மலேசிய எல்லையான பதாங் பெசாருக்கும் இரவு ரயில்கள் உண்டு. படுக்கைச் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஒற்றைப் படுக்கை கேட்பவருக்குக் கடைசி நேரத்தில் கிடைக்கும் வாய்ப்பு குடும்பத்தோடு வருபவரைவிட அதிகம்.